பல துறை, ஒரு பட்டம்: சமூக அறிவியல் மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

சமூக அறிவியலைப் பல துறைப் பட்டப்படிப்பாகப் படிக்கும் மாணவர்களும், படித்து முடித்து வெளியே வந்தவர்களும் சேர்ந்து எழுதிய சாசனம் இது. எங்களில் சிலர் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையில் இருக்கிறோம், சிலர் புதிய நான்காண்டு இளங்கலையில். தமிழ்நாட்டிலேயே படிப்பவர்களும் உண்டு, ரயிலேறி வெளிமாநிலம் போய்ப் படிப்பவர்களும் உண்டு. பல்கலைக்கழக நிர்வாகங்கள், பாடத்திட்டக் குழுக்கள், தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறை, பல்கலைக்கழக மானியக் குழு, அரசுத் தேர்வாணையங்கள் ஆகியவற்றின் முன் இதை வைக்கிறோம். எந்த வளாகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்பவை ஒரு வளாகத்தில் மட்டும் நடப்பவையும் இல்லை.

இந்தப் படிப்பை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. விரும்பித்தான் சேர்ந்தோம். வரலாறு, பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல், மானுடவியல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் படிக்கலாம் என்று கையேட்டில் பார்த்தபோது, நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று தோன்றியது. எங்கள் ஊரில் நாங்கள் பார்த்து வளர்ந்த எதுவும் தனித்தனித் துறையாக நடக்கவில்லை. ஏரி தூர்ந்துபோனதில் சாதி இருந்தது, கடன் இருந்தது, பஞ்சாயத்துத் தேர்தல் இருந்தது.

இப்படிப் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறு ஆண்டே தம் மாணவர்களை அவரவர் ஊருக்குக் கேள்விப் பட்டியலோடு அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள், எந்தச் சாதியார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். இருவேல்பட்டு, வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அந்தக் குறிப்புகள் 1918இல் நூலாக வந்தன. 1930களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். இருவேல்பட்டுக்கு 2008 வரைக்கும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டாக நீளும் இந்த ஆய்வு வரிசையைத் தொடங்கி வைத்தவர்கள் மாணவர்கள். நாங்கள் கேட்பதெல்லாம் அந்த வரிசையில் நிற்கும் தகுதியை எங்களுக்கும் உண்டாக்கித் தாருங்கள் என்பதுதான்.

எங்கள் குறை ஒன்றே ஒன்று. மற்றவை அதிலிருந்து கிளைத்தவை. பல துறைகளைக் கொண்டுவந்து வைத்த பல்கலைக்கழகம், அவற்றைச் சேர்க்கும் வேலையை முழுக்க மாணவர் தலையில் போட்டுவிட்டது. வகுப்பில் துறைகளை நாங்கள்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். களத்தில் ஆங்கிலத்தையும் தமிழையும் நாங்கள்தான் சேர்க்க வேண்டும். படித்து முடித்த பின் எங்கள் பட்டத்தின் பெயரையும் வேலை அறிவிக்கையில் உள்ள பெயரையும் சேர்ப்பதும் எங்கள் பாடு. பதினெட்டு வயதில் வந்து சேரும் ஒருவரால் தனியாகச் செய்யக்கூடிய வேலையா இது?

வகுப்பறை

முதல் செமஸ்டரில் நடப்பதைச் சொல்கிறோம். திங்கட்கிழமை முதல் பீரியட் பொருளியல். வறுமைக்கோடு பாடம். டெண்டுல்கர் குழு முறைப்படி 2011-12இல் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். ரங்கராஜன் குழு 2014இல் அதை 972, 1,407 என்று உயர்த்தியது. எழுதிக்கொள்கிறோம். மூன்றாவது பீரியட் சமூகவியல். வறுமையை ரூபாயில் அளப்பதே தவறான தொடக்கம், யார் யாரை எதிலிருந்து விலக்கி வைக்கிறார்கள் என்று பாருங்கள் என்கிறார் ஆசிரியர். அதையும் எழுதிக்கொள்கிறோம். மதியம் அரசியல் அறிவியல் வகுப்பில் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வருகிறது. வறுமை இப்போது உரிமைப் பிரச்சினை ஆகிவிட்டது. மூன்று ஆசிரியர்களும் நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் முதல் பீரியடில் என்ன நடந்தது என்று மூன்றாவது பீரியட் ஆசிரியருக்குத் தெரியாது. இந்த மூன்றும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா, ஒன்றையொன்று தாங்குகின்றனவா என்று கேட்டால், "அது உங்க எக்கனாமிக்ஸ் சாரைக் கேளுங்க" என்பதுதான் பதில். இரவு ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து நாங்களே பேசித் தீர்க்கப் பார்க்கிறோம். சில நாள் பிடிபடும். பல நாள் குழப்பத்தோடு தூங்கப் போவோம்.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை: ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு தாளை இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்த வேண்டும். பாதிப் பாடம் இவர், மீதிப் பாடம் அவர் என்று பங்கு பிரித்துக்கொள்வதை இதில் சேர்க்க மாட்டோம். இருவரும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டு மறுக்க வேண்டும். அதை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

எப்படி நடத்தலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் தருகிறோம். அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, குடிசை ஒன்றில் ஒண்டியிருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். விவசாயக் கூலிகள், தலித்துகள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கமாகத் திரண்ட சேரி அது. இதை எந்தத் துறைப் பாடத்தில் வைப்பீர்கள்? வரலாற்று ஆசிரியர் 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தொடங்குவார். பொருளியல் ஆசிரியர் தஞ்சையில் தீவிர வேளாண் திட்டம் வந்ததையும், ஆடுதுறை 27 நெல் ரகம் வந்ததையும், விளைச்சல் கூடியபோது கூலிப் பேரம் எப்படி மாறியது என்பதையும், வெளியாட்களை இறக்கி அறுவடை செய்வதன் பொருளாதாரத்தையும் சொல்வார். சமூகவியல் ஆசிரியர், 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேயின் நூலைத் திறந்து, அக்கிரகாரமும் குடியானவர் தெருவும் சேரியும் தனித்தனியே கிடந்த ஊர் அமைப்பைக் காட்டுவார். அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருபக்கம் கம்யூனிஸ்ட் விவசாயத் தொழிலாளர் சங்கத்தையும், மறுபக்கம் நிலவுடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தையும், நடுவில் அப்போது புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த தி.மு.க. அரசையும் வைத்துப் பேசுவார். விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை ஆணையமும் 1969ஆம் ஆண்டின் நியாயக் கூலிச் சட்டமும் அங்கே வரும். சட்டம் நடத்துபவர், கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்த தீர்ப்பை எங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார். தமிழாசிரியர் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைக் கொண்டுவந்து, அது இந்தப் படுகொலைக்குச் சொல்லும் காரணம் சரியா என்ற பழைய வாதத்தைக் கிளறுவார்.

மூன்று வாரம் போதும். கூலி உயர்வுதான் காரணம் என்று பொருளியல் ஆசிரியர் சொல்லட்டும். கூலி மட்டும்தான் காரணமென்றால் குழந்தைகள் இருந்த குடிசைக்கு ஏன் தீ வைக்க வேண்டும் என்று சமூகவியல் ஆசிரியர் அங்கேயே கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு துறையும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் நாங்கள் கற்றுக்கொள்வோம். ஐந்து வருடம் படித்தும் எங்களில் பலருக்கு இப்படி ஒரு வகுப்பு கிடைத்ததே இல்லை.

இது ஏன் நடப்பதில்லை என்று ஆசிரியர்களிடம் கேட்டோம். மனமில்லாமல் இல்லை, கணக்கு இடிக்கிறது என்றார்கள். மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். இருவர் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் அந்த மணி நேரம் ஒருவர் கணக்கில் மட்டுமே ஏறுகிறது. மற்றவர் வந்தால் அது அவருடைய சொந்த நேரம். ஆகவே கூட்டாக நடத்தும் வகுப்பை இருவர் பணிச்சுமையிலும் முழுமையாகச் சேர்க்க வேண்டும். ஆண்டு இறுதியில் பதவி உயர்வுக்காகக் கணக்குக் காட்டும்போதும் அது செல்ல வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

மதிப்பெண் விஷயமும் இதில்தான் வருகிறது. வரலாற்று அசைன்மென்டில் கோட்பாட்டை முன்னால் வைத்து எழுதினால் "சான்று எங்கே?" என்று குறைக்கிறார்கள். பொருளியல் அசைன்மென்டில் சான்றுகளை விரித்து எழுதினால் "கதை சொல்லாதே, மாடல் எங்கே?" என்று குறைக்கிறார்கள். அதே மாணவி, அதே வாரம். ஒவ்வொரு துறைக்கும் எழுத்து முறை உண்டு, அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்த முறை என்ன என்று முதலிலேயே எழுதித் தாருங்கள். திருத்திய தாளைத் திருப்பித் தாருங்கள், எண்ணோடு நாலு வரிக் குறிப்பும் சேர்த்து. இன்டர்னல் மார்க் மட்டும் இணையத்தில் ஏறினால் எங்கே தவறினோம் என்று எப்படித் தெரியும்?

புள்ளியியல் தாளைப் பற்றி இரண்டு வரி. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கே எடுக்காத கலைப் பிரிவு மாணவர்களும், கணக்கு எடுத்தவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து மூன்றாவது வாரமே ரிக்ரஷனுக்குப் போகிறோம். இரண்டாம் செமஸ்டருக்கு முன்பு மதிப்பெண் இல்லாத அடித்தளக் கணக்கு வகுப்பு ஒன்று வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் சொல்லித் தராமல், இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளில் சொல்லித் தர வேண்டும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிடும் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுத் தரவுகளை நாங்களே இறக்கிக் கையாளப் பழக்க வேண்டும். 2027இல் சாதிவாரி விவரத்தோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. அதன் எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு நிறையத் தேவைப்படுவார்கள். அந்த எண்களுக்குப் பின்னாலிருக்கும் சமூகத்தையும் படித்தவர்கள் நாங்கள்.

மொழி

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். தமிழில் எழுதி, தேறி, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால் வகுப்பு முழுக்க ஆங்கிலம். முதல் வாரமே நாற்பது பக்க ரீடிங். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். அடுத்த நாள் வகுப்பில் "யாராவது பேசுங்கள்" என்றால், பேசுபவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர். பேசாத எங்களுக்குக் கருத்து இல்லை என்று நினைக்கப்படுகிறது. பங்கேற்புக்கு ஐந்து மார்க் உண்டு. அதுவும் போகிறது.

களப்பணிக்குப் போகும்போது நிலைமை தலைகீழாகிறது. குழுவில் ஆறு பேர் இருந்தால் மூன்று பேர் பீகாரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள். எல்லோரும் எங்களுக்கு நண்பர்கள்தான். ஊருக்குள் போனதும் பேச வேண்டியவர்கள் நாங்கள். திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே பேசும் பாட்டியின் பேச்சைக் குறிப்பெடுப்பதும், "போகம் தப்பிப்போச்சு" என்று அவர் சொல்வதில் எத்தனை வருடக் கடன் இருக்கிறது என்று நண்பர்களுக்கு விளக்குவதும், பதிவு செய்த இரண்டு மணி நேரப் பேச்சை இரவெல்லாம் ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் எங்கள் வேலை. அதை வைத்து அறிக்கையை எழுதுபவர் ஆங்கிலம் சரளமாக வரும் இன்னொருவர். பிரசன்டேஷன் கொடுப்பவரும் அவரே. அறிக்கைக்கு மார்க் உண்டு, பிரசன்டேஷனுக்கு மார்க் உண்டு. பாட்டியோடு பேசியதற்கும் அதை மொழிபெயர்த்ததற்கும் மார்க் கிடையாது. அந்தப் பேச்சு இல்லாமல் அறிக்கையே இல்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், மதிப்பெண் பட்டியலுக்குத் தெரியாது.

ஆகவே: களப்பணி மதிப்பீட்டில் நேர்காணல், பேச்சை எழுத்தாக்குதல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். மூலமொழியில் எடுத்த குறிப்பும் ஒப்படைக்கப்பட வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் திருத்த வேண்டும். முதலாண்டு முழுவதும் தேர்வையும் அசைன்மென்டையும் தமிழில் எழுத விரும்புவோரை எழுத விட வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் கல்வி சார்ந்து படிக்கவும் எழுதவும் பழக்கும் வகுப்பு வேண்டும். இலக்கண வகுப்பை நாங்கள் கேட்கவில்லை. ஒரு கட்டுரையின் வாதத்தைப் பிடிப்பது எப்படி, அதை மறுப்பது எப்படி என்று சொல்லித் தரும் வகுப்பைக் கேட்கிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலம் வரும் வரை வாயடைத்து உட்கார வைக்காதீர்கள்.

ரீடிங் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பேத்கரின் தொகுப்பு நூல்கள் தமிழில் இருக்கின்றன. மார்க்சின் 'மூலதனம்' தியாகுவின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. ரொமிலா தாப்பர் தமிழில் கிடைக்கிறார். இவற்றை ஆங்கில ரீடிங்கோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் முதலாண்டு மாணவர் ஒருவரின் பாதிச் சுமை இறங்கும். அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. தமிழிலேயே எழுதப்பட்ட சமூக ஆய்வுகள் எங்கள் பட்டியலில் இடம் பெறுவதே இல்லை. 'ஆராய்ச்சி' இதழ் நடத்திய நா. வானமாமலை, அவர் வழியில் நாட்டார் வழக்காற்றிலும் அடித்தள மக்கள் வரலாற்றிலும் எழுதிவரும் ஆ. சிவசுப்பிரமணியன், 'அறியப்படாத தமிழகம்' எழுதிய தொ. பரமசிவன், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய கைலாசபதி, சிவத்தம்பி, தலித் வரலாற்றை எழுதிய ராஜ் கௌதமன் ஆகியோர் எல்லாம் துறை எல்லைகளை எப்போதோ தாண்டியவர்கள். உப்பைப் பற்றி ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'உப்பிட்டவரை' ஒரு நூலே போதும். உப்பளமும் வரியும் சாதியும் சடங்கும் பழமொழியும் அதில் ஒன்றாக வருகின்றன. பல துறைப் படிப்பு எப்படி இருக்கும் என்று முதலாண்டு மாணவருக்குக் காட்ட இதைவிடத் தோதான புத்தகம் எங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தாளின் கட்டாய வாசிப்பிலும் தமிழில் எழுதப்பட்ட ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கோருகிறோம். தமிழ் தெரியாத வகுப்புத் தோழர்களுக்காக அதை மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்கட்டும். மாணவர்களைக் கொண்டு செய்வதானால் ஊதியம் கொடுத்துச் செய்யட்டும்.

களம்

கிராமத்தில் ஓர் அம்மா எங்களைக் கேட்டார்: "போன வருசமும் இதே மாதிரி நாலு புள்ளைங்க வந்துச்சுங்க. எத்தன ஆடு, எத்தன மாடு, கக்கூசு இருக்கான்னு எழுதிக்கிட்டுப் போச்சுங்க. அப்புறம் ஒரு சேதியும் இல்ல. எழுதி என்னதான் பண்ணுவீங்க கண்ணு?" பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அறிக்கை துறை அலமாரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஒரே ஊருக்கு ஆண்டுதோறும் புதிய குழுவை அனுப்பி, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்பதை நிறுத்த வேண்டும். முந்தைய ஆண்டின் குறிப்புகள் அடுத்த குழுவுக்குக் கைமாற வேண்டும். முடிவுகளைத் தமிழில் சுருக்கி எழுதி, கிராம சபைக் கூட்டத்தில் வாசித்து, ஊராரின் மறுப்பையும் திருத்தத்தையும் கேட்டுப் பதிவு செய்த பிறகுதான் களப்பணித் தாள் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். எங்கள் மதிப்பெண் தாமதமானாலும் பரவாயில்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் களப்பணியைப் பற்றிப் பேச முடியாது. ஊர்த்தெருவில் நுழைந்ததும் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெயர். இரண்டாவது சொந்த ஊர். மூன்றாவது, அந்த ஊரில் எந்தத் தெரு. தலித் மாணவருக்கு அந்த மூன்றாவது கேள்வியில் என்ன நடக்கிறது என்பது களப்பணிக் கையேட்டில் எங்கேயும் இல்லை. பதில் சொன்ன பிறகு தண்ணீர் சொம்பு வராமல் போன வீடுகள் உண்டு. பதில் சொல்லாமல் வேறு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு இரவெல்லாம் மனம் குமைந்தவர்கள் எங்களில் உண்டு. தோழமையோடு பழகும் குழுவிலேகூட யாரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்பது ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் தீர்மானமாகிவிடுகிறது. இதை வகுப்பில், ஆசிரியர் முன்னிலையில், போவதற்கு முன்பே பேச வேண்டும். ஆசிரியர் முதல் நாள் எங்களோடு ஊருக்குள் நடந்து வர வேண்டும். குறிப்பிட்ட இடத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லும் மாணவரிடம் காரணம் கேட்கக் கூடாது, மார்க்கும் குறைக்கக் கூடாது.

மாணவிகளின் பாதுகாப்புக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான மானியக் குழுவின் 2015 விதிகள் களப்பணிக்கும் பயிற்சிக்கும் போகும் இடங்களையும் வளாகமாகவே கருதுகின்றன. அந்த விதி எங்களில் பலருக்குச் சொல்லப்படவே இல்லை. புறப்படும் முன் உள்ளகப் புகார்க் குழுவின் தொலைபேசி எண்ணும், உடன் வரும் ஆசிரியரின் பொறுப்பும் எழுத்தில் தரப்பட வேண்டும். தங்குமிடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே குழுவை அனுப்ப வேண்டும்.

செலவு: தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாவட்டம் தாண்டிப் போகும் பேருந்தில் எல்லோருக்கும் கட்டணம் உண்டு. சாப்பாடு, ஜெராக்ஸ், தங்கும் அறை எல்லாம் கைக்காசு. உதவித்தொகை செமஸ்டர் முடிந்த பிறகு வருகிறது, களப்பணி செமஸ்டர் நடுவில் வருகிறது. முன்பணமாகத் தாருங்கள்.

ஆசிரியர்களும் அலுவலகமும்

எங்களுக்கென்று ஒரு துறை இல்லாத வளாகங்கள் பல. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு ஏதோ ஒரு துறை ஆசிரியரின் கூடுதல் வேலையாக இருக்கிறது, ஆள் அடிக்கடி மாறுகிறார். போனஃபைட் சான்றிதழுக்கு மூன்று அலுவலகம் ஏறி இறங்குகிறோம். முதல் கேள்வியே "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்பதுதான். வகுப்புகளில் பாதியை நடத்துபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர்களில் சிலர் அவர்கள். ஆண்டு இறுதியில் ஒப்பந்தம் முடிந்து போய்விடுகிறார்கள். டிசர்டேஷனைத் தொடங்கி வைத்தவர் ஒருவர், வைவாவில் உட்காருபவர் இன்னொருவர். முழுநேர ஒருங்கிணைப்பாளர் வேண்டும், நிரந்தர ஆசிரியப் பணியிடங்கள் வேண்டும், இப்போது நடத்திக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

பட்டத்தின் மதிப்பு

பட்டம் வாங்கி வெளியே வந்தவர்கள் எழுதிய பகுதி இது.

இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத, பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளளவையியல் ஆகியவற்றில் ஒன்றில் முதுகலை வேண்டும் என்பது விதி. எங்களில் ஒருவர் பத்துக்கு மேற்பட்ட பொருளியல் தாள்களைப் படித்திருந்தாலும் பட்டத்தின் பெயர் வேறு என்பதால் விண்ணப்பிக்க முடியாது. மாநிலத்திலும் இதே கதைதான். குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் பதவிகளில், சான்றிதழில் உள்ள பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்றால், இது அதற்கு இணையான பட்டம்தான் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கொண்டு வரச் சொல்கிறார்கள். அதை வாங்கும் பொறுப்பு பட்டம் கொடுத்தவருக்கு இல்லையாம், பட்டம் பெற்றவருக்கு. பாடத்திட்ட நகல், பல்கலைக்கழகக் கடிதம், துறைக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்து, ஆணை வருவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துபோன அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணிக்குப் போகலாம் என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று நிற்கிறது. ஐந்து வருடம் சமூகத்தைப் படித்தவருக்கு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறோ பொருளியலோ சொல்லித் தரும் தகுதி இல்லை என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

தேசிய கல்விக் கொள்கை 2020 பல துறைக் கல்வியைப் பெருமையாகப் பேசுகிறது. மானியக் குழு 2022இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் மூன்றாண்டுக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160 கிரெடிட் என்று வகுத்திருக்கிறது. இப்படிப் படியுங்கள் என்று ஒரு கை ஊக்கப்படுத்த, இப்படிப் படித்தவர்களுக்கு இடமில்லை என்று இன்னொரு கை தள்ளுகிறது. இரண்டும் ஒரே அரசு அமைப்பின் கைகள்.

நாங்கள் கேட்பது மூன்று. ஒன்று, புதிய பல துறைப் பட்டப்படிப்பு எதையும், அது எந்தெந்தப் பட்டத்துக்கு இணையானது என்ற ஆணை இல்லாமல் தொடங்கக் கூடாது. முதல் மாணவர் சேரும் முன்பே அந்த ஆணை கையேட்டில் அச்சாக வேண்டும். இரண்டு, தகுதியைப் பட்டத்தின் பெயரை வைத்துப் பார்க்காமல் கிரெடிட் எண்ணிக்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துறையில் இத்தனை கிரெடிட் முடித்தவர் அத்துறைக்கான பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று தேர்வாணையங்கள் விதியைத் திருத்த வேண்டும். மதிப்பெண் பட்டியலில் துறைவாரிக் கிரெடிட் கணக்கை அச்சிட்டால் சரிபார்ப்பவருக்கும் சிரமமில்லை. மூன்று, பல்கலைக்கழகம் படிப்பை நிறுத்தினாலோ வடிவத்தை மாற்றினாலோ, ஏற்கெனவே அதில் பட்டம் பெற்றவர்களின் தகுதி குறையாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். இப்படிப்புகளின் வடிவம் மாறாமல் நிற்பதில்லை. சென்னை ஐஐடி 2006இல் தொடங்கிய ஐந்தாண்டு எம்.ஏ. படிப்பையே பின்னாளில் இரண்டாண்டு எம்.ஏ.வாக மாற்றிக்கொண்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்து 2014இல் திரும்பப் பெற்று 2022இல் மறுபடி கொண்டுவந்தது. மாற்றுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மாற்றத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாணவர் தொகுதியின் பட்டத்தை யார் காப்பது?

நான்காண்டு இளங்கலையில் ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்று வெளியேறும் வழி வைத்திருப்பதைப் பற்றியும் எங்கள் கவலையைப் பதிகிறோம். அந்த வழியாக முதலில் வெளியேறுபவர்கள் யார் என்று எங்கள் வகுப்பிலேயே தெரியும். கட்டணம் கட்ட முடியாதவர்கள், ஆங்கிலம் எட்டாதவர்கள், வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண்கள். ஒருவர் வெளியேற விண்ணப்பித்தால், காரணத்தைக் கேட்டறிந்து அதைத் தீர்க்க முயன்ற பிறகே அந்த விண்ணப்பம் ஏற்கப்பட வேண்டும். திரும்பி வருவோருக்கு அதே கட்டணத்தில், அதே விடுதி வசதியோடு இடம் வேண்டும்.

பாடத்திட்டக் குழுவில் வாக்குரிமையோடு இரண்டு மாணவர்களும், படித்து முடித்தவர் ஒருவரும் இடம் பெற வேண்டும். குழு கூடும் தேதி பதினைந்து நாள் முன்பே அறிவிக்கப்பட வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தந்த அலுவலகம் இந்தச் செமஸ்டர் முடிவதற்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள், எந்த விதி தடுக்கிறது என்று குறிப்பிடுங்கள். இணைத்தன்மை ஆணைக்காக ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களின் கோப்புகளை மட்டும் பதில் வரும் வரை நிறுத்தி வைக்க வேண்டாம். அவர்களில் சிலருக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. அந்தக் கோப்புகளை முதலில் எடுங்கள்.